காலையில் அழும் பிள்ளையும் அழாத பிள்ளையும்

மழலையர் வகுப்பு ஆசிரியை:
புதுப் பிள்ளை வாசலில் அழுதால், பொம்மையைக் காட்டிவிட்டு அம்மாவை நைசாக அனுப்பிவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். அன்றைக்கு அழுகை சீக்கிரம் நிற்கும். மறுநாளிலிருந்துதான் வினை. பிள்ளை அம்மாவின் கையை விடாது. ஆசிரியை அறையை விட்டு நகர்ந்தாலும் பதறும். கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போய்விடும் என்று அதற்குப் பாடமாகிவிட்டது.

முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம் போதும். பெற்றோர் உள்ளேயே இருக்கட்டும். இரண்டாம் நாள் அவர்கள் விளையாட்டில் சேராமல் ஓரமாக உட்காரட்டும். மூன்றாம் நாள் சொல்லிவிட்டு வெளியே போய் 10 நிமிடத்தில் திரும்ப வேண்டும். அடுத்து 30 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம். பிள்ளை திணறினால் முந்தைய படிக்கே திரும்பலாம், அது தோல்வியில்லை. விடைபெறுவது ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும்: ஓர் அணைப்பு, தினமும் ஒரே வாக்கியம். "மூணு மணிக்கு வர்றேன்" மூன்று வயதுக்குப் புரியாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வர்றேன்" புரியும். கையசைத்த பிறகு ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள். அடங்கிய அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

குழந்தை உளவியல் ஆலோசகர்:
பிள்ளையை வாங்கிக்கொள்ளும் ஆள் தினமும் மாறாமல் இருப்பதும் முக்கியம். "பெரிய பிள்ளை அழலாமா?" என்று கேட்டால் அழுகையோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும். "அம்மா போனது கஷ்டமா இருக்கு. நான் பக்கத்துல இருக்கேன்" என்பது போதும், சொல்லிவிட்டு உண்மையிலேயே பக்கத்தில் இருக்க வேண்டும். 4 வாரம் தாண்டியும் அழுகை குறையவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி வருகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே 'கோளாறு' என்று பெயர் வைக்க வேண்டாம்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:
பதறும் பிள்ளை தானாகப் போய் அடங்குவதற்கு வகுப்பில் ஒதுக்கும் அமைதி மூலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெத்தை, இரண்டு தலையணை, முகபாவப் படங்கள், இவ்வளவு போதும். ஆசிரியையின் பார்வைக்குள் இருக்க வேண்டும். "போய் அங்கே உட்கார்" என்று ஒரே ஒரு முறை கோபத்தில் அனுப்பிவிட்டால் அது தண்டனை மூலைதான், பிறகு எந்தப் பிள்ளையும் தானாகப் போகாது. மூச்சை மெல்ல ஊதப் பழக்குவதும் பிள்ளை அமைதியாக இருக்கும்போதுதான், சோப்புக் குமிழி விட்டு. கத்திக்கொண்டிருக்கும்போது கற்றுக்கொடுத்தால் ஏறாது.

பேச்சுப் பயிற்சியாளர்:
அழும் பிள்ளையை எல்லாரும் தூக்குகிறார்கள். சுவரோரம் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு "சமத்து" என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசி, வகுப்பில் ஒரு சொல்லும் வராத பிள்ளைகள் உண்டு. அது பிடிவாதமில்லை, பதற்றம் தொண்டையை அடைக்கிறது. செலக்டிவ் மியூட்டிசம் என்பார்கள். சேர்ந்த முதல் மாதத்தை இதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டு மொழி வேறு, வகுப்பு மொழி வேறு என்றால் இன்னும் பொறுக்கலாம். காது கேட்கும் திறனைச் சோதிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

"பேர் சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்பது பிள்ளையை இன்னும் பூட்டிவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்து, அது செய்வதை நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள்: "சிவப்புக் கட்டையை மேலே வைக்கிற." சில நாள் கழித்து, "சிவப்பா, நீலமா?" கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். விரல் காட்டினாலும் பதில்தான். முதல் சொல் வந்ததும் வகுப்பே கைதட்டினால் அடுத்த சொல்லுக்கு வாரக்கணக்காகும். கேட்ட கட்டையைக் கொடுத்துவிட்டு விளையாட்டைத் தொடருங்கள்.

குழந்தை உளவியல் ஆலோசகர்:
பிள்ளையின் நடத்தை பற்றி ஆசிரியை எழுதிய இரண்டு வாரக் குறிப்பு கையில் இருந்தால் எங்கள் வேலை பாதி சுலபம். நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, பெரியவர் செய்தது: நான்கே கட்டம். "முரட்டுத்தனம்" என்று எழுதாதீர்கள். "10.40, கை கழுவும் வரிசை, முன்னால் நின்ற பிள்ளையைத் தள்ளியது" என்று எழுதுங்கள். மூன்று நாள் அதே வரிசை வந்தால், மாற்ற வேண்டியது வரிசையை.