மியூசிக் வீடியோ திட்டமிடும்போதே தியரி வேண்டுமா?

தறிச்சத்தம்:
விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காக, வகுப்புத் தோழி எழுதிப் பாடிய பாட்டுக்கு வீடியோ எடுக்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கும் அக்காவைப் பற்றித் தங்கை பாடுகிறாள். மூன்றரை நிமிடப் பாட்டு. வேகம் நிமிடத்துக்கு 96 பீட், கேட்டதும் ஆடத் தோன்றும். திட்ட அறிக்கையில் மூன்று ஊடகக் கோட்பாடுகளாவது இருக்க வேண்டும் என்பது துறையின் விதி. ஷாட் லிஸ்டை முதலில் போடுவோம், தியரியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள் குழுவில். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஃபோகஸ்புல்லர்:
குழு சொல்வதுதான் சரி தம்பி. 96 பீட் என்றால், நொடிக்கு 24 பிரேமில் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 பிரேம். கட் எங்கே விழ வேண்டும் என்பதை இப்போதே கணக்குப் போடலாம். ஸ்லோமோஷனிலும் உதட்டசைவு பொருந்த வேண்டுமா? பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, 48 பிரேமில் எடு. அதை 24-இல் ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும், உதடு பாட்டோடு பொருந்தும். அந்த வேகத்தில் பாடப் பாடகிக்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும். திட்டமிடல் என்றால் இதுதான். கதைகளின் அமைப்பை ஆராய்ந்த தோதரோவைக் கொண்டுவந்து சமநிலை, குலைவு, மறுபடி சமநிலை என்று பாட்டைப் பிரித்தால் என்ன கிடைக்கும்? பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. கதை அப்படித் திரும்பி வராது. நான் பார்த்த மாணவர் வீடியோக்கள் பாதி, பாட்டை மறந்துவிட்டுக் குறும்படமாகிப் போனவை.

அரங்கநிழல்:
தோதரோவைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மியூசிக் வீடியோ ஆய்வாளர் கரோல் வெர்னாலிஸும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்: மியூசிக் வீடியோக்களில் முழுக் கதை அபூர்வம், படத்தை நகர்த்துவது பாட்டின் அமைப்பு. அதுவும் தியரிதானே சார்? பொருந்தாத தியரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எல்லாத் தியரியையும் திட்டக் கூடாது.

தறிச்சத்தம், மியூசிக் வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் எழுதியதிலிருந்து தொடங்குங்கள். வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். வரி சொல்வதையே காட்டலாம், வரி சொல்லாததைச் சேர்த்து அதன் பொருளைப் பெருக்கலாம், வரியோடு ஒட்டாமல் விலகியும் நிற்கலாம். பாட்டில் 'மெஷின்' என்று வரும் இடத்தில் தையல் மெஷினைக் காட்டினால் முதல் வகை. அதே இடத்தில், வீட்டில் தங்கை அக்காவின் யூனிஃபார்மைப் போட்டுக் கண்ணாடி பார்க்கிறாள் என்று வையுங்கள். அடுத்து மெஷினில் உட்காரப் போவது இவள்தானோ என்ற பயம் வந்துவிடுகிறது. பாட்டில் அப்படி ஒரு வரியே இல்லாமலிருக்கலாம், ஆனாலும் வரும். இப்போது உங்கள் வரிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வகை என்று குறியுங்கள். பக்கம் முழுக்க முதல் வகையாக இருந்தால் படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஃபோகஸ்புல்லர்:
நல்ல ஷாட்தான், மறுக்கவில்லை. ஆனால் குட்வின் பெயரே கேள்விப்படாத இயக்குநருக்கும் அது தோன்றும்.

செவ்வந்தி:
அனுபவம் உள்ளவருக்குத் தோன்றும் அண்ணா. முதல் வீடியோ எடுப்பவருக்கு முதலில் தோன்றுவது, ஏற்கெனவே பார்த்த ஷாட். ஆடத் தோன்றும் தாளம் என்கிறார். வேலை முடிந்து வரும் பெண்களை ஸ்லோமோஷனில், இடுப்பு உயரத்தில் கேமரா வைத்து எடுக்கத்தான் கை போகும். திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் கேட்டது இதைத்தான்: கேமரா யாருடைய கண்ணாக நிற்கிறது? இந்தப் பாட்டைத் தங்கை பாடுகிறாள். கேமராவும் தங்கையின் பக்கம் நிற்க வேண்டாமா?

இன்னொன்று, குட்வின் சொன்னதுதான். பாடகரின் முகத்தைத் திரும்பத் திரும்ப க்ளோசப்பில் காட்ட இசை நிறுவனம் விரும்பும், ஏனென்றால் விற்பது அந்த முகம். 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' வெளியாகி ஊரெல்லாம் பாடியது. பிறகு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீ இருந்தார், அவரோடு பாடிய பாடலாசிரியர் அறிவு இல்லை. நிலமற்ற உழைப்பாளிகளின் கதையை எழுதிப் பாடியவர் எங்கே என்று பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார். யார் முகம் முன்னால் நிற்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயம். உங்கள் வீடியோவில் யார் முகம் மனதில் நிற்க வேண்டும், பாடும் தோழியா, அக்காவா?

ஃபோகஸ்புல்லர்:
செவ்வந்தியின் கேள்வி நியாயம். ஆனால் மல்வி எழுதியது ஹாலிவுட் படத்தைப் பற்றி, இருட்டான தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பவரைப் பற்றி. இதைப் பார்க்கப் போகிறவன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் பார்ப்பான். அதோடு, மியூசிக் வீடியோவில் பாடுபவர் நேராக லென்ஸைப் பார்க்கிறார். பார்க்கப்படுபவர் திருப்பிப் பார்க்கும்போது அந்தக் கோட்பாட்டை அப்படியே ஒட்டினால் எப்படி?

அரங்கநிழல்:
சார், இந்த இழையில் வந்த மிகப் பயனுள்ள குறிப்பு இதுதான். பாடகி லென்ஸைப் பார்ப்பதை இயல்பு என்று விட்டுவிடாமல் ஒரு முடிவாக எடுக்கலாம். அக்கா எப்போதாவது நம்மைப் பார்க்கிறாளா? பார்த்தால் எந்தப் பல்லவியில்? மல்வி எங்கே பொருந்தவில்லை என்று நீங்கள் காட்டியதால்தான் இந்தக் கேள்வி வந்தது. அறிக்கையில் இதை எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவதாக, ஊடகக் கோட்பாட்டாளர் ஸ்டூவர்ட் ஹால். 1973-இல் அவர் சொன்னது, நாம் வைத்த பொருளைப் பார்ப்பவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிராகவும் வாசிக்கலாம் என்பது. ஷாட்களைப் படங்களாக வரைந்த ஸ்டோரிபோர்டைப் பாட்டின் மேல் அடுக்கி, பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நாலு பேரிடம் போனில் காட்டுங்கள். 'எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறீர்களா' என்று ஒருவர் கேட்டாலும் போதும், எந்த ஷாட்டை நீக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு தெரிந்தால் மறுபடி படப்பிடிப்புக்குக் காசு யார் கொடுப்பது?

தறிச்சத்தம்:
எல்லாருக்கும் நன்றி. குழுவில் பேசினோம். முதல் இரண்டு பல்லவியிலும் பாடுபவள் மட்டும் லென்ஸைப் பார்க்கிறாள், அக்கா பார்ப்பதில்லை. மூன்றாவதில் பாடுபவள் இல்லை. அக்கா நேராகப் பார்க்கிறாள், உதடு அசையவில்லை, பாட்டு மட்டும் ஓடுகிறது. 48 பிரேம் யோசனையை இரண்டாம் பல்லவிக்கு வைத்திருக்கிறோம். யூனிஃபார்ம் ஷாட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரிபோர்டைக் காட்டப் போகிறோம்.

ஃபோகஸ்புல்லர்:
மூன்றாவது பல்லவி நன்றாக இருக்கிறது. மூன்று தியரி கட்டாயம் என்ற விதி தப்பு என்றே இன்னும் சொல்வேன். ஒன்றை ஒழுங்காகப் பிடித்தவனுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். சரி, கம்பெனிக்குள் படமெடுக்க எழுத்தில் அனுமதி வாங்கியாச்சா? இல்லையென்றால் இரண்டு மெஷினை வாடகைக்கு எடுத்து ஒரு ஷெட்டில் போடுங்கள், டியூப்லைட் மட்டும் போதும். ஆனால் ஃப்ளிக்கர் (படத்தில் வெளிச்சம் மினுக்குவது) வரலாம். ஷட்டரை 1/50 நொடியில் வைத்து ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பாருங்கள். 48 பிரேமில் தனியாக இன்னொரு டெஸ்ட்.