இஃபிஜெனியாவைப் படித்தேன், அரவான் நினைவுக்கு வந்தான். அடுத்து எதைப் படிக்கலாம்?

யீஷூன் வாசகி:
யீஷூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்குத் தினமும் எம்ஆர்டி ரயிலில் போகவர ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் மேடலின் மில்லர் 2011இல் எழுதிய 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்' நாவலைப் படித்தேன். கிரேக்க வீரன் அக்கிலீஸின் உயிர்த்தோழன் பட்ரோக்கிளஸ் சொல்லும் கதை. அதுவரை கிரேக்கப் புராணம் என்றால் எனக்கு மரக்குதிரை மட்டும்தான்.

அதில் ஓர் இடம். டிராய் நகரத்தின் மேல் போருக்குக் கிளம்பிய கிரேக்கக் கப்பல்கள் ஆலிஸ் துறையில் காற்றில்லாமல் நிற்கின்றன. வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் கோபம் தணியப் பலி வேண்டும். அரசன் அகமெம்னான், "உனக்கும் அக்கிலீஸுக்கும் கல்யாணம்" என்று சொல்லித் தன் மகள் இஃபிஜெனியாவை வரவழைக்கிறான். கல்யாணம் என்று நம்பி வந்த பெண்ணைக் கழுத்தறுக்கிறான்.

அதற்குமேல் அன்று படிக்க முடியவில்லை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்தான் கண்ணில் நின்றது. தீமிதிக்கு முன்னால் நடக்கும் அரவான் களப்பலிக்குப் பாட்டி கூட்டிப்போவார். பாரதப் போரில் பாண்டவர்கள் வெல்ல அர்ச்சுனன் மகன் அரவானைப் பலி கொடுக்கும் சடங்கு அது. "சண்டைக்குப் போறவங்க எதுக்குச் சொந்தப் பிள்ளையக் கொடுக்கணும்?" என்று கேட்பேன். "அதுக்குத்தான் அவனுக்கு முதல்ல ஒருநாள் கல்யாணம் பண்ணி வச்சாங்க" என்பார். அந்தப் பதில் எனக்கு அப்போதும் போதவில்லை, இப்போதும் போதவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இது டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் 'இலியட்' காவியத்தில் எங்கே வருகிறது? நேராக ஹோமரையே தொடங்கலாமா?

தேக்கா அண்ணன்:
தங்கச்சி, இலியட்டில் இந்தப் பலி இல்லை. பத்தாம் ஆண்டுப் போரின் சில வாரங்கள்தான் அதில் கதை. மரக்குதிரைகூட ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில்தான் வருகிறது. நீங்கள் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'ஆலிஸில் இஃபிஜெனியா' நாடகத்தைப் படியுங்கள். அவர் இறந்தபின், கி.மு. 405 வாக்கில் மேடையேறியது. உயிருக்கு மன்றாடும் பெண், பிறகு தானே சாகச் சம்மதிக்கிறாள். கடைசியில் பலிபீடத்தில் அவளுக்குப் பதில் ஒரு மான் கிடந்ததாகச் செய்தி வருகிறது. அந்த முடிவு பின்னால் சேர்த்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். என் மனமும் அந்த மானை ஏற்கவில்லை.

மலர்:
நம் கதையும் அப்படித்தான். வியாச பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அரக்கன் அலம்புசன் கையால் சாகிறான், களப்பலி கிடையாது. தமிழில் களப்பலி 9ஆம் நூற்றாண்டிலேயே, பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் வந்துவிடுகிறது. அப்புறம் வில்லிபுத்தூராரும் பாடினார். பெருங்காவியம் விட்டுச்சென்ற இடத்தில்தான் இரண்டு ஊர்க் கவிகளும் கை வைத்திருக்கிறார்கள்.

நான் முதலில் இன்னொரு கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தைப் படிக்கச் சொல்வேன். கி.மு. 458இல் அரங்கேறியது. போரில் வென்று திரும்பிய கணவன் அகமெம்னானை, இஃபிஜெனியாவின் தாய் கிளைடெம்னெஸ்ட்ரா கொல்கிறாள். பத்து வருடமாகியும் மகளை மறக்காத தாய் அவள்.

யீஷூன் வாசகி:
நன்றி அண்ணே, நன்றி மலர் அக்கா. தாய் என்றதும் சுருக்கென்றது. அரவானைப் பெற்ற நாககன்னி உலூபி அழுததாகப் பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்குப் போகிறேன். முதலில் கிளைடெம்னெஸ்ட்ராதான்.