மாமனார் வைத்த அவகாடோ மரம்: வெட்டுவதா, விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுவதா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் மாமனார் வைத்த அவகாடோ மரம் இருக்கிறது. என் கணவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே காய்க்கிற மரம். இரண்டு வாரம் முன்பு துணி காயப்போடும்போது, கொடிக்கு மேலே வரும் கிளையில் உப்பைக் குவித்து வைத்ததுபோல வெள்ளை வெள்ளையாய் ஏதோ கண்ணில் பட்டது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்கிறது. துடைத்துப் பார்த்தால் அடியில் குண்டூசித் தலை அளவு ஓட்டை.

போன வருடம் கதவைத் தட்டி வேலை கேட்ட இருவரை மாமரத்தில் ஏறவிட்டோம். பக்கியில் (சின்ன லாரி மாதிரி வண்டி) ஏணியும் ரம்பமும் இருந்தன, அதுவே போதும் என்று நினைத்துவிட்டோம். உச்சியை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். வெட்டிய இடமெல்லாம் இப்போது விளக்குமாறு மாதிரி குச்சி குச்சியாய் நிற்கிறது, ஒரு பூ இல்லை. அதே ஆட்கள் அவகாடோவை அடியோடு எடுக்க 8,500 ரேண்ட் கேட்கிறார்கள். விறகையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். மாமியார் தினமும் காலையில் அந்த மரத்தடியில்தான் உட்காருவார். வெட்டும் பேச்சை எடுத்ததிலிருந்து அவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

ஆர்பரிஸ்ட் என்கிறார்களே, மரம் பற்றிப் படித்தவர், அவரை அழைத்தால் பயன் உண்டா? என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அம்மா, முதலில் விறகை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் சொல்வது ஷாட் ஹோல் போரர் வண்டின் வேலை போலத் தெரிகிறது. எள்ளைவிடச் சிறியது, 2 மில்லிமீட்டர்தான். 2017இல் எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில், பிளேன் என்ற நிழல் மரங்களில்தான் இதை இந்த நாட்டில் முதலில் அடையாளம் கண்டார்கள். வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் ஒரு பூஞ்சையை வளர்த்து அதைத் தின்கிறது. அந்தப் பூஞ்சைதான் மரத்துக்குள் தண்ணீர் ஏறும் வழியை அடைத்துக் கிளையைக் காயவைக்கிறது. அவகாடோவில் துளை வழியாகச் சர்க்கரை கசிந்து வெள்ளையாய் உறையும், நீங்கள் உப்பு என்று நினைத்தது அதுதான். ஒரு துளையைச் சுற்றிப் பட்டையை லேசாகச் சீவினால் உள்ளே பழுப்பாகக் கறுத்திருக்கும். விறகு போகும் இடத்துக்கெல்லாம் வண்டும் போகும். பிராய் போட, அதாவது விறகுத் தணலில் இறைச்சி சுட, வாங்குகிறவர் வீட்டு மரமும் கெடும்.

பதில் (ஃபீனிக்ஸ்)

அக்கா, தாராளமாக அழையுங்கள். வருகிறவரிடம் "ஏறும்போது காலில் இரும்பு முள் கட்டுவீர்களா?" என்று கேளுங்கள். அடியோடு எடுக்கும் மரத்துக்குத்தான் அது சரி. வாழ வேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு புண். கட்டுவேன் என்றால் அனுப்பிவிடுங்கள். "கிளையை எங்கே அறுப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். கிளை தண்டோடு சேருமிடம் கழுத்துபோல வீங்கியிருக்கும், அதைத் தொடாமல் சற்று வெளியே அறுக்க வேண்டும். அப்போதுதான் மரம் தானே காயத்தை மூடும்.

அப்புறம் வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் அரசு நிதியான காம்பென்சேஷன் ஃபண்ட் தரும் 'லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்', பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். ஏறியவர் விழுந்தாலோ பக்கத்து வீட்டுக் கூரை உடைந்தாலோ பாரம் உங்கள் தலையில் விழக்கூடாது. விலையை எழுத்தில் வாங்குங்கள்.

கேட்டவர் மறுபடி

இருவருக்கும் ரொம்ப நன்றி. ஆர்பரிஸ்ட் ஒருவர் வந்தார். ரம்பத்தை எடுக்கும் முன் முக்கால் மணி நேரம் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பட்டையைச் சீவியபோது பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணா சொன்ன பழுப்பு நிறம் அப்படியே இருந்தது. இரண்டு கிளையில்தான், தண்டு சுத்தம். அவற்றை மட்டும் அறுத்து, ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டையை இங்கேயே பொடியாக அரைத்துக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கால் மூடி வெயிலில் விட்டிருக்கிறார். நிழல் போன பக்கம் பட்டை வெந்துவிடாமலிருக்க வெள்ளைப் பெயிண்டில் தண்ணீர் கலந்து பூசினார். 2,900 ரேண்ட் ஆயிற்று. நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து கிடையாது, விடாமல் கவனித்து வாருங்கள் என்றார்.

மாமியார் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். காலையில் நாற்காலியில் உட்காரும் முன் பேரனுடைய பூதக்கண்ணாடியோடு தண்டை ஒரு சுற்றுப் பார்க்கிறார். இன்றுவரை புதிய ஓட்டை இல்லை.