டிசம்பர்ல லண்டன்: அப்பச்சி, ஆத்தாவ உயரமான இடத்துல ஆஃப்டர்நூன் டீக்கு கூட்டிட்டுப் போகலாமா?

பள்ளத்தூர்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். டிசம்பர் கடைசியில அப்பச்சியையும் ஆத்தாவையும் (எங்க பக்கம் அப்பா, அம்மாவ அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிக்கிட்டு லண்டன் போறோம், எங்க ஆச்சி, அதான் அக்கா, அங்கதான் ஹாரோ பக்கம் இருக்காக, அப்பச்சிக்கு எழுபது முடிஞ்சதுக்கு தன் பங்குக்கு ஏதாவது செய்யணும்னு அவுகளுக்கு ஆசை. ஒரு நாள் சாயங்காலம் நல்ல உயரத்துல இருக்கற ரெஸ்டாரண்டா பாத்து, ஊரு பூரா தெரியுற மாதிரி ஜன்னலோரமா உக்காந்து, மூணு தட்டு ஸ்டாண்டுல வருமே, அந்த முறையான ஆஃப்டர்நூன் டீ, அத வாங்கிக் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக.

எனக்கும் ஆசைதான், ஆனா அப்பச்சிய நெனச்சா பயமா இருக்கு. அவுகளுக்கு நாலு மணின்னா நாலு மணிக்கு டீ வந்தாகணும், கூடவே சூடா வெள்ளைப் பணியாரமோ மசாலா சீயமோ இருக்கணும், வரமிளகாத் தொவையல் இல்லாட்டி தட்ட அப்படியே தள்ளி வச்சிருவாக. அப்பேர்ப்பட்டவுகளுக்கு வெள்ளரிக்கா வச்ச ரொட்டியக் குடுத்துட்டு, ஆளுக்கு அறுபது எழுபது பவுண்டுன்னு பில்லு வந்துச்சுன்னா, ரூபாய்க்கு மாத்திக் கணக்குப் போட்டு ஊரு திரும்புற வரைக்கும் சொல்லிக்கிட்டே வருவாக. ஆத்தா செவ்வாய் வெள்ளி கவுச்சி தொட மாட்டாக, மத்த நாள்லயும் மாட்டுக்கறி பன்னிக்கறி கிடையவே கிடையாது, கேக்குல முட்டை இருந்தா பரவால்ல.

ஷார்டுங்கறாகளே அந்த கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகலாமா, இல்ல வேற எடம் இருக்கா? டீக்கு நாலு மணிக்கு புக் பண்ணலாம்னு இருக்கேன். அத முடிச்சுட்டு ராத்திரி தனியா சாப்பாடு வேணுமா? அப்பச்சி வேட்டியிலதான் வருவேன்னு சொன்னா உள்ள விடுவாங்களா? போயிட்டு வந்தவுக சொல்லுங்க.

வெம்ப்ளி_வள்ளி:

தம்பி முதல்ல அந்த நாலு மணிய மாத்துங்க. டிசம்பர் கடைசியில லண்டன்ல நாலு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துரும், நீங்க கோட்டக் கழட்டி மாட்டிட்டு உக்காருறதுக்குள்ள வெளிய இருட்டு, கண்ணாடியில உங்க மூஞ்சிதான் தெரியும். ஜூன்ல வந்தா ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், எப்ப புக் பண்ணாலும் சரிதான், டிசம்பருக்கு ரெண்டு மணி இல்லாட்டி ரெண்டரை ஸ்லாட் பாருங்க. பொதுவா ஒன்றரை மணி நேரம், கூடிப்போனா ரெண்டு மணி நேரம் டேபிள் குடுப்பாங்க, அப்ப பகல்லயும் ஊரப் பாத்துரலாம், கெளம்பறப்ப விளக்கு போடறதும் தெரியும். அப்பச்சிகிட்ட அன்னைக்கு மட்டும் மத்தியான சாப்பாட்ட விட்டுரச் சொல்லுங்க, காலையில இட்லி சாப்பிட்டுட்டு வரட்டும், அதுதான் ரொம்ப முக்கியம். வயித்த நெறச்சுக்கிட்டு போனீங்கன்னா ரெண்டாவது தட்டுலயே கை நின்னுரும்.

ஷார்டு 310 மீட்டர், அதுல 31வது மாடியில அக்வா ஷார்டுன்னு ஒரு ரெஸ்டாரண்ட், 35வது மாடியில ஷாங்ரிலா ஹோட்டலோட டிங்னு ஒண்ணு, ரெண்டுலயும் ஆஃப்டர்நூன் டீ குடுத்துத்தான் பாத்திருக்கேன், ஆனா நீங்க வர்ற தேதிக்கு என்ன இருக்குன்னு அவங்க தளத்துலயே பாத்துருங்க, கிறிஸ்துமஸ் சமயத்துல மெனுவும் விலையும் வேற ஆயிரும். அங்கிருந்து பாத்தா டவர் பிரிட்ஜ் காலடியில இருக்கும், எதிர்க்கரையில டவர் ஆஃப் லண்டன், இந்தப் பக்கம் செயின்ட் பால்ஸ் சர்ச் கோபுரம். புக் பண்ணும்போது குறிப்புல ஆத்துப் பக்கம் ஜன்னல் டேபிள் வேணும், வயசானவங்க பிறந்தநாளுன்னு எழுதுங்க. கண்டிப்பா தருவோம்னு யாரும் வாக்கு குடுக்க மாட்டாங்க, கேக்காம விட்டா மட்டும் கிடைக்கவே கிடைக்காது. உச்சியில 68லேருந்து 72வது மாடி வரைக்கும் பார்வையாளர் மாடம் தனி, அதுக்கு தனி டிக்கெட், டீ குடிக்கப் போறவங்க அதையும் வாங்க வேண்டியதில்ல, என்னக் கேட்டா ரெண்டையும் வாங்குறது வேஸ்ட்.

ஹாரோலேருந்து வர்றதும் சுலபம், மெட்ரோபாலிட்டன் லைன்ல ஏறி வெம்ப்ளி பார்க்ல ஜூபிலி லைனுக்கு மாறி லண்டன் பிரிட்ஜ்ல இறங்கினா ஸ்டேஷன் வாசல்லயே ஷார்டு, படி ஏறி அலைய வேண்டாம், லிஃப்ட் இருக்கு. டிசம்பர் 25 மட்டும் வேணவே வேணாம், அன்னைக்கு டியூப் ரயிலும் ஓடாது பஸ்ஸும் ஓடாது.

கானாடுகாத்தான்_அண்ணே:

நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. எழுபது பவுண்டுங்கிறது காட்சிக்குக் குடுக்கற காசு, டீக்கு இல்ல. உயரத்துல உக்காந்து ஊரப் பாக்கணும்னா நம்ம திருமயம் கோட்டை இருக்கு, 1687ல கிழவன் சேதுபதி கட்டினது, ஒரு ஃப்ளாஸ்குல டீயையும் ஒரு தூக்குல கந்தரப்பத்தையும் எடுத்துக்கிட்டு சாயங்காலம் மேல ஏறினா சுத்துவட்டாரம் பூரா தெரியும், சர்வீஸ் சார்ஜ் கிடையாது. அப்பச்சிக்கும் தொவையல் கிடைக்கும்.

அது சரி, ஆச்சி ஆசைப்படறாக, போயிட்டு வாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு ஒத்திகை பாத்துருங்க, வெளையாட்டுக்குச் சொல்லல. அப்பச்சிக்கு அங்க வரப்போற டீ நம்ம டீ கிடையாது. நம்மது பாலையும் தூளையும் ஒண்ணாப் போட்டு இஞ்சி தட்டி கொதிக்க விட்டு வடிக்கிறது, அங்க எலையா இருக்கற டீத்தூளப் பாத்திரத்துல போட்டு வெந்நிய ஊத்தி நாலு நிமிஷம் மூடி வச்சு, சின்ன வடிகட்டிய கப்பு மேல வச்சு ஊத்துவாங்க, பாலு தனியா ஒரு குட்டிக் குவளையில வரும், ஆறிப் போயும் இருக்கும். அப்பச்சி இதக் குடிப்பாகளான்னு பள்ளத்தூர்லயே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுல்ல? உங்க வீட்டு மேல்மாடி அலமாரியில ஐயா காலத்துப் பீங்கான் கப்பு சாசர் கண்டிப்பா இருக்கும், இல்லாட்டி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடையில கிடைக்கும், சுவீடன் முத்திரை போட்ட எனாமல் தூக்குச்சட்டிக்குப் பக்கத்துலயே தூசி படிஞ்சு அடுக்கி வச்சிருப்பாங்க. விலை கேட்டுட்டு பாதியிலேருந்து பேச்ச ஆரம்பிங்க.

சமையல்கட்டு_மீனா:

அண்ணே சொன்ன ஒத்திகை ஐடியா சூப்பர், நானும் அத வழிமொழியறேன். தம்பி, டீ லிஸ்ட்ட நீட்டுனா ஏதோ ஒரு பேரச் சொல்லிராதீங்க. அப்பச்சிக்கு அசாம் இல்லாட்டி இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட், இது ரெண்டுதான் பாலு ஊத்தினா தாங்கும், நாலு நிமிஷத்துக்கு பதிலா ஆறு நிமிஷம் ஊற விடச் சொல்லுங்க, சூடான பாலு குடுங்கன்னு கேட்டா குடுப்பாங்க. டார்ஜிலிங்க பாலு ஊத்திக் கெடுக்காதீங்க, அது பாலு இல்லாமக் குடிக்கறது. எர்ல் கிரேல பெர்கமாட்டுன்னு ஒரு எலுமிச்சை ஜாதிப் பழத்து எண்ணெய் வாசம் வரும், எங்க மாமியார் ஒரு மடக்கு குடிச்சுட்டு இதுல சோப்பு கலந்துருக்குன்னு கப்பக் கீழ வச்சவுகதான்.

சாப்பிடறது கீழ்த்தட்டுலேருந்து மேல. கீழ ஓரம் வெட்டின குட்டி சாண்ட்விச், நடுவுல ஸ்கோன்னு குட்டி பன்னு மாதிரி ஒண்ணு, மேல கேக்கு இனிப்பு. ஸ்கோன் மட்டும்தான் சூடா வரும், துணியில மூடிக் கொண்டாந்தா உடனே பிரிங்க, ஆறுனா மாவுக்கட்டிதான். கத்தியால வெட்டாம கையாலயே நடுவுல ரெண்டாப் பிரிச்சு ஜாமும் கிளாட்டட் கிரீமும் தடவணும். அந்த கிரீம் என்னன்னா பாலாடைய நல்லா கெட்டியாச் சேத்து வச்ச மாதிரி, லேசா மஞ்சளா மேல ஒரு ஏடு படிஞ்சிருக்கும், கார்னிஷ் கிளாட்டட் கிரீம்னு பேரு போடணும்னா கொழுப்பு 55 சதவீதத்துக்கு கொறயக்கூடாது, ஆத்தாவுக்குப் பிடிக்கும்னு நான் பந்தயம் கட்டுவேன். கிரீம் முதல்லயா ஜாம் முதல்லயான்னு டெவன்காரங்களும் கார்ன்வால்காரங்களும் காலங்காலமா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, டெவன்ல கிரீம் முதல்ல, கார்ன்வால்ல ஜாம் முதல்ல, உங்க இஷ்டம்.

கவுச்சி விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. சாதா மெனுவுல ஹாம், ரோஸ்ட் பீஃப், புகை போட்ட சால்மன் இதெல்லாம் சாண்ட்விச்சுல வரலாம், ஓரம் வெட்டி வச்சிருக்கறதால பாத்தா எது எதுன்னு தெரியாது. ஆத்தாவுக்கு புக் பண்ணும்போதே வெஜிடேரியன்னு தனியா எழுதிருங்க, அது வேற ஸ்டாண்டா வரும், இல்லாட்டி ஒரே ஸ்டாண்டுல எல்லாத்தையும் கலந்து வச்சிருவாங்க. மேல்தட்டு மூஸ் ஜெல்லி அயிட்டத்துல ஜெலட்டின் இருக்கும், அது மாட்டுலயோ பன்னியிலயோ எடுக்கறது, வெஜ்னு சொன்னாத்தான் மாத்துவாங்க. அங்க போய் உக்காந்துட்டு சொன்னா ஒண்ணும் நடக்காது, ரெண்டு நாள் முன்னாடி ஃபோன் போட்டு இன்னொரு தடவ உறுதி பண்ணிக்கங்க.

பினாங்கு_ராமு:

லண்டனே வேணுமா? நம்மாளுக பொழச்ச ஊரு பினாங்கு, அங்க ஈ அண்டு ஓ ஹோட்டல், 1885ல ஆரம்பிச்சது, கடலுக்கு எதுக்கவே இருக்கு, டீயும் குடிச்சுட்டு தண்ணீர்மலை முருகனையும் பாத்துட்டு வரலாம். உயரம் இல்லதான், ஒத்துக்கறேன். குளிரு கிடையாது, அப்பச்சி வேட்டியிலயே வரலாம்.

பள்ளத்தூர்_தம்பி:

ராமு அண்ணே, டிக்கெட் போட்டாச்சு, அடுத்த வருசம் பாப்போம். வள்ளி ஆச்சி, நாலு மணி இருட்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் ஒத்திகையும் முடிஞ்சுது. அலமாரியில நீலப் பூப்போட்ட கப்பு ஆறு இருந்துச்சு, ரெண்டுக்கு காது இல்ல. ஆத்தா அசாம் டீய எலையா வாங்கிப் போட்டாக, அப்பச்சி ஒரு மடக்கு குடிச்சுட்டு கப்ப வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு தூளு பத்தலைன்னுட்டாக, ரெண்டாவது தடவ ரெட்டைப் பங்கு போட்டு ஊற வச்சு சூடான பாலு ஊத்தவும் பேசாமக் குடிச்சுட்டாக. ஆனா ஒரு கண்டிஷன், பொடி டப்பா எடுத்துக்கிட்டுத்தான் வருவேங்கறாக. இட்லிப் பொடிய சாண்ட்விச்சுல தூவவாம்.

இன்னொண்ணு, இந்த பழக்கம் எப்படி வந்துச்சுன்னு அப்பச்சி கேட்டாக, பில்லு வர்றதுக்கு முன்னாடி சொல்றதுக்கு ஒரு கதை வேணும். அப்பறம் அந்த வேட்டிக்கு யாருமே பதில் சொல்லல.

வெம்ப்ளி_வள்ளி:

பொடி டப்பாவ ஹேண்ட்பேக்ல வையுங்க, அவங்க அந்தப் பக்கம் போனதும் தூவிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல :)

கதை வேணும்னா இந்தாங்க. 1840 வாக்குல பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னான்னு ஒருத்தவங்க, அப்பல்லாம் பெரிய வீடுகள்ல ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்குத்தான், மத்தியானம் சும்மா கொறிக்கிறதோட சரி, நாலு மணி ஆனா சோர்வா இருக்குன்னு ரூமுக்கே டீயும் ரொட்டி வெண்ணெயும் கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட ஆரம்பிச்சு, அப்பறம் தோழிகளையும் கூப்பிட்டு அதுவே பழக்கமாயிருச்சுன்னு சொல்றாங்க. அதே சமயத்துலதான் அசாம் டீயும் லண்டன் ஏலத்துக்கு முதல்ல வந்துச்சு, 1839ல. அப்பச்சிகிட்ட நம்ம நாட்டு எலை இல்லாட்டி இவங்களுக்கு ஏது இந்த டீன்னு சொல்லிப் பாருங்க, பில்லு கொஞ்சம் லேசாத் தெரியும். பில்லுல 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் பெரும்பாலும் சேத்தே வரும், அது போக தனியா டிப்ஸ் வைக்க வேண்டாம்.

வேட்டி: ஷார்டு மாதிரி எடத்துல டீசண்டா இருந்தா போதும்னுதான் போட்டிருப்பாங்க, ரிட்ஸ் ஹோட்டல் மாதிரி பழைய எடத்துலதான் ஆம்பளைங்களுக்கு கோட்டு கேப்பாங்க. எங்க வீட்டுக்காரரோட மாமா பட்டு வேட்டி கட்டிக்கிட்டு மேல ஒரு கோட்டப் போட்டுக்கிட்டு நகரத்துல ஒரு ஹோட்டலுக்கு வந்தாங்க, வாசல்ல ஒருத்தரும் எதுவும் கேக்கல, உள்ள பக்கத்து டேபிள்காரங்க போட்டோ எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. இருந்தாலும் ஒரு மெயில் போட்டுக் கேட்டுருங்க. பிரச்சனை ஹோட்டல் இல்ல, லண்டன் பிரிட்ஜ்கிட்ட ஆத்தங்கரைக் காத்து, உள்ள தெர்மல் போட்டு மேல வேட்டியக் கட்டச் சொல்லுங்க.

கானாடுகாத்தான்_அண்ணே:

மேகம் எறங்கிருந்தா? எழுபது பவுண்டு குடுத்து வெள்ளைத் துணியப் பாத்துட்டு வரப் போறாக.

வெம்ப்ளி_வள்ளி:

அது நடக்கும்ணே, டிசம்பர்ல ஷார்டு உச்சியே மேகத்துக்குள்ள போயிரும், ஆனா 31வது மாடி கொஞ்சம் கீழதான், தப்பிக்க வாய்ப்பு இருக்கு. தம்பி, புக் பண்றப்ப எத்தன மணி நேரம் முன்னாடி வரைக்கும் காசு பிடிக்காம தேதி மாத்தலாம்னு பாத்து வச்சுக்கங்க, முந்தின நாள் வானிலை பாத்துட்டு முடிவு பண்ணலாம். மாத்த முடியாட்டி ஷார்டுக்கு பதிலா ஆக்ஸோ டவர் பாருங்க, அதுவும் தேம்ஸ் கரைதான், எட்டாவது மாடி, மேகம் அவ்வளவு கீழ எறங்காது, செயின்ட் பால்ஸ் எதுக்கவே தெரியும். அங்கயும் அந்த தேதியில டீ இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க.

பள்ளத்தூர்_தம்பி:

ஆச்சிகிட்ட இத அப்படியே அனுப்பிட்டேன், 29ஆம் தேதி ரெண்டே கால் ஸ்லாட் கேட்டு மெயில் போட்டிருக்காக, ஆத்தாவுக்கு வெஜ் ஸ்டாண்டு, அப்பச்சிக்கு அசாம், ஆத்துப் பக்கம் ஜன்னல். பதில் வந்ததும் இங்கயே போடறேன். ராத்திரிக்கு ஆச்சி வீட்ல ரசமும் அப்பளமும் மட்டும் வைக்கச் சொல்லிருக்கேன்.