ஒரே கட்டுரைக்கு ஒரு பிரிவில் 7, இன்னொரு பிரிவில் 4: உங்கள் பள்ளியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தமிழ் மிஸ்

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். மூன்று பிரிவு, மூன்று ஆசிரியர்கள். காலாண்டுத் தாளைக் கொடுத்த மறுநாள் என் சி பிரிவுப் பெண் ஒருத்தி, தன் தாளோடு ஏ பிரிவுத் தோழியின் தாளையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். இருவரும் ஒரே நோட்ஸைப் படித்தவர்கள். 8 மதிப்பெண் கட்டுரை முன்னுரையிலிருந்து முடிவுரை வரை வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. தோழிக்கு 7, இவளுக்கு 4. “மிஸ், நான் எதை விட்டேன்னு சொல்லுங்க, அடுத்த தடவை எழுதிடறேன்” என்றாள். சண்டை போட வரவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்தாள். திருத்தியவள் நான்தான், என்னிடம் பதில் இல்லை.

சந்திப்பிழை கண்ணில் பட்டால் என் கை தானாகக் குறைத்துவிடும். ஏ பிரிவு சார் உட்தலைப்பும் மேற்கோளும் இருந்தால் தாராளமாகப் போடுவார். மூவரும் ஒரே அளவில் திருத்த என்ன வழி? நானே பேச்சை எடுத்தால் அவர்களைக் குறை சொல்வதாக நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.

முகாம்வாசி (ஓய்வு)

தயங்காதீர்கள் அம்மா. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் பல வருடம் முதன்மைத் தேர்வாளராக இருந்தவன் நான். விடைக்குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரி திருத்துவார்கள் என்று ஆரம்பத்தில் நானும் நம்பினேன். ‘பொருத்தமான விடை’ என்று அதில் ஒரு சொல் வந்தால் போதும், மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் அதை ஆறு விதமாகப் படிப்பார்கள். தாளை நடுவில் வைத்துப் பேசினால்தான் அது தெளியும்.

மூன்று பிரிவிலிருந்தும் கலந்து ஐந்து தாள் எடுங்கள். கட்டுரைப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மறைத்துவிடுங்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் தனித்தாளில் மதிப்பெண் எழுதி, மூவரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே மற்றவர்களும் வந்து நின்றுவிடுவார்கள், ஒத்துப்போன மாதிரி தெரியும், உள்ளே ஒன்றும் ஒத்துப்போயிருக்காது. எந்தத் தாளில் இடைவெளி அதிகமோ அதை முதலில் எடுங்கள், ‘ஏன் குறைத்தீர்கள்’ என்று கேட்காமல் ‘எந்த வரியில் குறைத்தீர்கள்’ என்று கேளுங்கள். முடிவான தாள்களைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த தேர்வுக்கு அவைதான் உங்கள் எடைக்கல்.

அப்புறம், பிரிவு வாரியாக விடைத்தாள் கட்டைப் பிரிக்காமல் கேள்வி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மூன்று பிரிவின் கட்டுரையையும் ஒருவரே திருத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கணக்கு சார்

ஐயா சொல்வது சரி, ஆனால் நேரம் எங்கே இருக்கிறது? ஒரு பிரிவுக்கு 45 தாள், கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் மதிப்பெண் பதிவேற்றக் கடைசி நாள் என்று வாட்ஸாப்பில் தினமும் வரும். எல்லாக் கேள்விக்கும் இதைச் செய்ய முடியாது, ஒரே ஒரு பெரிய கேள்விக்கு மட்டும் என்றால் நடக்கும்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1913இல் ஒரே வடிவியல் தாளை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். வந்த மதிப்பெண் 28இல் தொடங்கி 90ஐத் தாண்டிப் போனது. எழுதிய முறைக்கு, சுத்தத்துக்கு, எழுத்துப்பிழைக்கு என்று ஆளுக்கொரு விதமாகக் குறைத்திருந்தார்கள். நாங்களும் அப்படித்தான், படிநிலைக்கு எவ்வளவு, கடைசி விடைக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசாவிட்டால் பக்கத்து வகுப்போடு ஒத்தே வராது.

இன்னொன்று, நம்மோடு நாமே ஒத்துப்போகிறோமா என்றும் பார்க்க வேண்டும். கட்டு முடிந்ததும் முதலில் திருத்திய மூன்று தாளை நான் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். காலையில் கறாராகவும் ராத்திரி பத்து மணிக்கு இளகியும் போட்டது அப்பட்டமாகத் தெரியும்.

நடுநிலைப் பள்ளி டீச்சர்

ஏழாம் வகுப்பில், பாடம் நடக்கும்போதே செயல்பாடு, சிறு தேர்வு என்று பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த 40இல் செயல்பாட்டுக்கான 20ஐ எல்லோருக்கும் 18, 19 என்றே போட்டுவிடுகிறோம். யாரும் கேள்வி கேட்பதில்லை, அதனால் அநியாயமாகவும் தோன்றுவதில்லை. ஆனால் சார்ட் ஒட்டக் கடையில் படம் வாங்கிய பிள்ளைக்கும், தானே கொய்யா இலையைக் காயவைத்து ஒட்டிப் பெயர் எழுதிய பிள்ளைக்கும் ஒரே 19 என்றால் இரண்டாவது பிள்ளைக்கு நாம் என்ன சொல்கிறோம்? அதையும் சேர்த்துப் பேசுங்கள் மிஸ்.

தமிழ் மிஸ்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மூவரும் உட்கார்ந்தோம். நான் பயந்தபடி யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஏ பிரிவு சாரே ஜெராக்ஸ் எடுத்து வந்தார்.

நான்கு தாளில் ஒரு மதிப்பெண் வித்தியாசம்தான். ஐந்தாவதற்கு 3, 5, 6 என்று வந்தது. நோட்ஸைத் தொடாமல், தங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நின்ற வருடத்தைப் பற்றி ஒரு பையன் எழுதியிருக்கிறான், வரிக்கு ஒரு எழுத்துப்பிழை. 3 போட்டது நான். அரை மணி நேரம் பேசினோம், கடைசியில் பிழைக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் குறைப்பதில்லை, சொந்தமாக எழுதியதற்குத் தனியாக இரண்டு உண்டு என்று முடிவானது. அவனுக்கு இப்போது 6.

அந்தப் பெண்ணின் கட்டுரையையும் படித்தோம். மூவருக்கும் 6 என்றுதான் பட்டது, ஆனால் தோழிக்குக் கொடுத்த 7ஐத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை, தவறு எங்களுடையது. இவளுக்கும் 7 போட்டேன். “சொந்தமா ஒரு பத்தி சேர்த்திருந்தா எட்டு” என்று இந்த முறை என்னால் சொல்ல முடிந்தது. அரையாண்டுக்கு மூன்று பிரிவின் கட்டுரையையும் ஏ பிரிவு சார் எடுத்துக்கொள்கிறார், கடிதக் கேள்வி எனக்கு.