வயர் இன்-இயர் இயர்போனில் மிருதங்கத்தின் கும்கி கேட்கவில்லை, வலது காதும் வலிக்கிறது. மாற்ற வேண்டியது எதை?

தொப்பிப்பக்கம் (கேள்வி)

கும்பகோணத்தில் ஒன்பது வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். பகலில் துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. இரவு பத்து மணிக்கு மேல்தான் சாதகம் செய்ய நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் அக்கா குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், வாத்தியத்தைத் தொட முடியாது. அதனால் பழைய கச்சேரிப் பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு தொடையில் தட்டியபடி கேட்பேன். பெரும்பாலும் வானொலிக்காகப் பதிவான மோனோ பதிவுகள்.

ஐந்து மாதம் முன்பு இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு வயர் இன்-இயர் வாங்கினேன். ஒற்றை 10 மி.மீ. டைனமிக் டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி), கழற்றி மாட்டும் 0.78 இரண்டு-பின் கேபிள். ஃபோனில் டைப்-சி டாங்கிள் போட்டுக் கேட்கிறேன். வாங்கிய புதிதில் திருப்தியாகத்தான் இருந்தது. இப்போது தொப்பியில் (மிருதங்கத்தின் இடது தலை) கும்கி இழுக்கும் இடமெல்லாம் வற்றிப்போய்க் கேட்கிறது. கையால் வாசிக்கும்போது அடியிலிருந்து உருண்டு எழுந்து மேலே வளையுமே, அந்த வளைவு இல்லை. அட்டைப்பெட்டியில் தட்டியதுபோல ஒரு 'டொப்' மட்டும் வருகிறது. பாடகர் குரலும் ஓர் இடத்தில் நிற்காமல் இரண்டு காதுக்கும் வெளியே பரவிக் கிடக்கிறது.

இன்னொன்று, நாற்பது நிமிடம் தாண்டினால் வலது காது வலிக்கிறது. இடது காதில் ஒன்றுமில்லை. கண்ணாடி போடுகிறவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐயாயிரம் ரூபாய்க்கு இரண்டு மூன்று டிரைவர் உள்ள ஹைப்ரிட் வாங்கினால் கும்கி கிடைக்கும் என்கிறான் நண்பன். அது எனக்குச் சின்னத் தொகை இல்லை. வாங்குவதற்கு முன் எதை எப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_ரசிகன்

ஒற்றை டிரைவரே எல்லாவற்றையும் சுமந்தால் எங்காவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். பேஸுக்கென்று தனி டிரைவர் உள்ளதைப் பாருங்கள். நான் ட்ரூத்இயர் ஜீரோ ரெட் வைத்திருக்கிறேன், இரண்டு டைனமிக் டிரைவர். தவில், மிருதங்கம் எல்லாம் நிறைவாகக் கேட்கிறது. காதுக்குள் போகும் குழல், அதாவது நாசில் மட்டும் கொஞ்சம் தடிமன்.

பந்தல்ஒலி

தம்பி, அந்த ஐயாயிரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். பதினான்கு வருடமாகக் கோயில் விழாவிலும் சபாவிலும் ஒலி அமைக்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் உறுத்தியது கும்கியைவிட அந்தக் குரல்தான்.

மோனோ பதிவில் இரண்டு காதுக்கும் போவது ஒரே ஒலி. அப்படி வந்தால் குரல் நெற்றிக்குப் பின்னால் ஒரு புள்ளியில் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் வெளியே பரவுகிறது என்றால் ஒரு பக்கத்துக்குப் பிளஸ் மைனஸ் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு டிரைவர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். மேடையில் இதை 'ஃபேஸ் மாறிவிட்டது' என்போம். இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் ஒன்றின் வயரை மட்டும் மாற்றிச் சொருகினால், பந்தலுக்கு நடுவில் நிற்கிறவருக்குப் பேஸ் காணாமல் போய்விடும். இயர்போனில் அப்படிக் காற்றிலேயே கழிந்துபோகாது. ஆனால் எதிரும் புதிருமாக வரும் இரண்டையும் மூளையால் ஒன்றாகச் சேர்க்க முடியாது. குரல் சிதறும், அடிநாதம் கனமில்லாமல் தோன்றும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

இடையில் கேபிள் மாற்றினீர்களா? தட்டையான இரண்டு-பின் சாக்கெட்டில் எப்படித் திருப்பிச் சொருகினாலும் உள்ளே போய்விடும். காதுக்கு மேல் வளையும் கொக்கி உள்ள கேபிள் என்றால் கொக்கி தப்பான பக்கம் பார்க்கும், உடனே பிடித்துவிடலாம். கொக்கி இல்லாத நேர் கேபிளில் தெரியவே தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள். ஆட்டாமல் நேராக இழுங்கள், இல்லாவிட்டால் கேபிளின் பின் வளைந்துவிடும்.

அது சரியானபின் சீல் பாருங்கள். ரப்பருக்கும் காதுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பேஸ் அந்த வழியாக ஓடிவிடும். சுருதி கீழே போகப் போக இழப்பும் கூடும். 200 ஹெர்ட்ஸிலிருந்து 30 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக இறங்கும் ஒலியை ஃபோனில் ஓட்டி, இடது வலது தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பக்கம் 80-லேயே தேய்ந்து, மறுபக்கம் 30 வரை இறங்கினால் தேய்கிற பக்கம் ஒழுகுகிறது. மாட்டும்போது எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். குழாய் நேராகும், ரப்பர் ஒழுங்காக உட்காரும்.

இந்த இரண்டையும் முடிக்காமல் ஒரு இன்-இயரின் ஒலியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

இனி ஒலிக்கு வருவோம். யார் யாரோ சோதித்த பாட்டு உங்களுக்கு எதற்கு? உங்கள் மிருதங்கத்தையே ஃபோனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஃபோன் மைக்குக்கு அடி ஸ்தாயி முழுதாகப் பிடிபடாது, அதனால் கும்கிக்கு நல்ல கச்சேரிப் பதிவுதான் சரி. ஆனால் வலது தலையான வலந்தலைக்கு உங்கள் பதிவு போதும். சர் சி.வி. ராமன் 1920-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரணத் தோலின் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் துணை ஒலிகள்) ஒன்றோடொன்று ஒட்டாது. நடுவில் கரணை எனும் கறுப்புப் பூச்சு ஏறியதும் அவை சுருதியோடு ஒழுங்காக அமைந்துவிடும். நம், தின், சாப்பு மூன்று அடிகளிலும் அந்த மேல்சுரங்கள் வெவ்வேறு விதமாக வெளிப்படும், அது உங்கள் கைக்கே தெரியும். சாப்பு அடித்ததும் அந்த மினுக்கம் ஒரு கணம் நின்று அடங்க வேண்டும். கண்ணாடி உடைவதுபோல் தெறித்தால் மேல் ஸ்தாயி கூர். அடித்ததுமே செத்துப்போனால் மேல் ஸ்தாயி போதவில்லை.

குரலுக்கு வேறொரு கணக்கு உண்டு. காதுக் குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். உள்கோடியில் செவிப்பறை, வெளிப்பக்கம் திறப்பு. அப்படிப்பட்ட குழல் 3000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து அந்தத் தூக்கலோடுதான் எல்லாக் குரலையும் கேட்டிருக்கிறோம். இன்-இயரால் குழாயின் வாயை அடைத்ததும் அது குலைந்துவிடும். அதனால்தான் தயாரிக்கிறவர்கள் அந்த இடத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைக்கிறார்கள். போதாவிட்டால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவார், மிஞ்சினால் வயலின் வில் காதைக் கீறும். ஸ, ஷ வரும் இடங்களில் சீறல் கேட்டால் அது இன்னும் மேலே, 6000-லிருந்து 8000 ஹெர்ட்ஸ் பக்கம். அதைக் கேட்டுவிட்டு உடனே இன்-இயரைத் திட்டாதீர்கள். கொஞ்சம் உள்ளே தள்ளினாலோ வெளியே இழுத்தாலோ அந்த மேடு இடம் மாறும். ஒரு மில்லிமீட்டரில் சீறல் அடங்கி நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஜோடியை ஒப்பிடுவதாக இருந்தால் சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும், எனக்கும்தான். சீல் சரியானதும் வால்யூமைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 83 ஆனால் அது பாதியாகிவிடும். வாசிக்கிறவருக்கு வாத்தியத்தின் சத்தமே தினமும் காதில் ஏறுகிறது, அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

தொப்பிப்பக்கம்

அண்ணா, கேபிள் மாற்றினேன்! கண்ணாடிக் காம்பும் கேபிள் கொக்கியும் காதுக்குப் பின்னால் ஒரே இடத்தில் அழுத்தியதால், கொக்கி இல்லாத நேர் கேபிள் ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டேன். மூன்று மாதம் ஆகிறது. கும்கி வற்றியதும் ஏறக்குறைய அப்போதிருந்துதான். இரண்டையும் சேர்த்து நினைக்கத் தோன்றவே இல்லை.

இப்போது கடையில் இருக்கிறேன். இரவு செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வரிப்பதிவு

ஒலியைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். வலியைப் பற்றி நான் சொல்கிறேன். பேட்டி, கூட்டப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை என்னுடையது. நாளைக்கு ஆறு மணி நேரம் வயர் இன்-இயர் காதில்தான் இருக்கும்.

கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்து 'வசதியாக இருக்கிறது' என்று முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை, தம்பி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காது உண்மையைச் சொல்லும். இன்று வலி வந்ததும் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். காதின் வெளிக் கிண்ணத்தில் சிவந்திருந்தால் இன்-இயரின் கூடு இடிக்கிறது. அதற்கு ரப்பர் மாற்றிப் பயனில்லை, உருவமே சின்னதாக இருக்க வேண்டும். துளையின் விளிம்பிலோ உள்ளேயோ நோவு இருந்தால் ரப்பர் பெரியது. இரண்டு காதும் ஒரே அளவு என்று எழுதி வைத்திருக்கிறதா என்ன? எனக்கு இடதில் எம், வலதில் எஸ். இது தெரியாமல் ஒன்றரை வருடம் வலியோடு வேலை பார்த்தேன்.

நாசில் தடிமனான மாடல் சின்னக் காதுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் குழலே தடிமன் என்றால் மேலே எந்த ரப்பர் போட்டாலும் அது சுருங்காது. வாங்கும் முன் நாசிலின் விட்டத்தைக் கேளுங்கள். 6 மி.மீ.க்கு மேல் போனால் எனக்கு ஒத்துவருவதில்லை. ரப்பருக்குப் பதில் போடும் ஃபோம் முனை மெத்தென்று இருக்கும், ஆனால் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கும். நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரம் நைந்தும் போகும்.

கொக்கிக் கேபிளுக்குத் திரும்பினால் முதலில் கண்ணாடி, அதற்கு மேல் கேபிள். தோலுக்கும் காம்புக்கும் நடுவில் கேபிள் சிக்கக் கூடாது. நேர் கேபிளே போதும் என்றால் சட்டையில் ஒரு கிளிப் போடுங்கள். இல்லாவிட்டால் கேபிள் துணியில் உரசுகிற சத்தம் நேரே காதுக்குள் வரும். நாசில் வலையையும் பாருங்கள். குறும்பி அடைத்தால் அந்தப் பக்கம் மட்டும் மங்கும். மாட்டாத நேரத்திலும் வலி இருந்தால் ரப்பரோடு போராடாமல் காது மருத்துவரிடம் போங்கள்.

தொப்பிப்பக்கம்

நேற்று இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தேன்.

இடது பக்கக் கேபிளைக் கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டினேன். தம்புரா ஒலித்ததுமே தெரிந்துவிட்டது. பரவிக் கிடந்த குரல் நடு நெற்றிக்கு வந்து நின்றது. இத்தனை நாளும் பாடகரை நேராகக் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது, பந்தல்ஒலி அண்ணா.

கும்கி பாதி வந்தது. மீதிக்கு 200-லிருந்து 30 வரை இறக்கிப் பார்த்தேன். வலது கடைசி வரை இறங்கியது. இடது 70 தாண்டியதும் தேய்ந்தது. வரிப்பதிவு அக்கா சொன்னபடி கண்ணாடியில் பார்த்தால் வலதில் துளை விளிம்புதான் சிவந்திருந்தது, கிண்ணத்தில் ஒன்றுமில்லை. இரண்டிலும் எம் போட்டிருந்தேன். பெட்டியில் கிடந்த எஸ் அளவை வலதுக்கும் எல் அளவை இடதுக்கும் மாற்றினேன். மடலை இழுத்துப் பிடித்து மாட்டியதும் இரண்டும் 30 வரை சமமாக இறங்கின. வலதில் சீல் கெடவில்லை. ஒன்றே கால் மணி நேரம் கேட்டேன், வலி இல்லை. வால்யூமை நான்கு படி குறைத்திருக்கிறேன்.

அப்புறம் தனியாவர்த்தனம் ஒன்றை எடுத்து வைத்தேன். விளம்ப காலத்தில் தொப்பியை அழுத்தி இழுக்கும்போது அந்த உருண்டை அடியிலிருந்து எழுந்து வளைந்து போவது முழுசாகக் கேட்டது. மணிக்கட்டு எங்கே அழுத்துகிறது, எங்கே விடுகிறது என்பதுகூடப் பிடிபட்டது. அந்த ஒரு இடத்தையே ஏழெட்டுத் தடவை கேட்டேன்.

ஒன்று மட்டும் மிச்சம். சொல்கட்டைச் சொல்லிக்கொண்டே கேட்டால் என் குரல் தலைக்குள் குடத்துக்குள் பேசுவதுபோல முழங்குகிறது. தகதிமி வேகம் கூடும்போது பேஸ் விட்டு விட்டு வருகிறது.

பந்தல்ஒலி

தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவம் மாறும், அந்த நேரத்தில் சீல் விட்டுவிட்டுப் பிடிக்கும். முழக்கம் உங்கள் குரல்தான். எலும்பு வழியாக உள்ளே வந்தது வெளியே போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டுக்கும் பொறுப்பு இன்-இயர் இல்லை. தாடையோடு சேர்ந்து நெளியும் ஃபோமை ஒரு ஜோடி மட்டும் வாங்கி, சொல்கட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சொல்லும்போது ஒரு காதைக் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, திருப்பி மாட்டிய பக்கத்தில் கேபிள் பின்னின் உறையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அடுத்த முறை கழற்றும்போது தேட வேண்டியிருக்காது.

தொப்பிப்பக்கம்

அக்காவின் சிவப்பு நகப்பூச்சில் புள்ளி வைத்தாயிற்று, அண்ணா. கிளிப்பும் ஃபோமும் சனிக்கிழமை வாங்குகிறேன்.