மேல்முறையீடு போட்டாலே பணத் தீர்ப்பு நின்றுவிட வேண்டுமா? (தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வொர்த் வணிகர்:
2013ஆம் ஆண்டு உயர் நீதிமன்றங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு எனக்கு அநியாயமாகப் படுகிறது. தோற்றவர் மேல்முறையீட்டு அனுமதி மனுவைப் பதிவாளரிடம் கொடுத்ததுமே தீர்ப்பு நின்றுவிடுகிறது. பிணை, அதாவது தொகைக்கு ஈடான உத்தரவாதம், வைக்க வேண்டியதில்லை; ஒரு ராண்ட் கூடக் கட்ட வேண்டியதில்லை. தொழிலாளர் வழக்கில் அப்படியா? நடுவர் தீர்ப்பை மறுஆய்வுக்குக் கொண்டுபோகும் முதலாளி, நீதிமன்றம் விலக்குத் தந்தாலொழிய, இழப்பீட்டுத் தொகை அளவுக்குப் பிணை வைக்கவேண்டும். வேலையைத் திருப்பிக் கொடு என்ற உத்தரவானால் 24 மாதச் சம்பளம். சரக்குப் பாக்கிக்கு அலைகிறவருக்கு மட்டும் ஏன் இந்தப் பாதுகாப்பு இல்லை?

டர்பன் மீனா:
அண்ணே, மறுபக்கத்தையும் பாருங்கள். தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப் வீட்டை ஏலம் விட்டுவிட்டார், பிறகு தீர்ப்பு ரத்தாகிறது என்று வையுங்கள். ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வீட்டை மீட்பது மிகக் கடினம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும், பணத்தைப் பெற்றவர் அதைச் செலவழித்திருப்பார். மேலும் காத்திருக்கும் காலத்துக்கு வட்டி ஏறுகிறது. ஒப்பந்தத்தில் வேறு விகிதம் இல்லையென்றால் ரெப்போ விகிதத்தோடு (மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 3.5 விழுக்காடு. 8,00,000 ராண்டுக்கு 10 விழுக்காடு என்று கொண்டாலும் ஆண்டுக்கு 80,000. வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இங்கே உங்களைக் கட்டிப்போடாது. பால்சன் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் சொன்னபடி, தீர்ப்புக்குப் பின் வட்டி புதிதாக எண்ணப்படும்.

சாட்ஸ்வொர்த் வணிகர்:
கடனாளி நிறுவனம் கலைக்கப்பட்டால் அந்த 80,000 எங்கே கிடைக்கும்? பிணையில்லாத கடன்காரர்களோடு வரிசையில் நின்று, ராண்டுக்குச் சில சென்ட் வாங்குவதுதான் மிச்சம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பதிவேடு:
வழி இருக்கிறது, ஆனால் ஏறுவது கடினம். தீர்ப்பை உடனே நிறைவேற்றக் கேட்பவர் மூன்றைக் காட்டவேண்டும்: அசாதாரணச் சூழ்நிலை, நிறைவேற்றாவிட்டால் தனக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு, நிறைவேற்றினால் எதிராளிக்கு அப்படிப்பட்ட இழப்பு வராது என்பது. பண வழக்குகள் பெரும்பாலும் இரண்டாவதில் விழுகின்றன. பணத்துக்குப் பணமும் வட்டியும் ஈடு என்று நீதிபதி கேட்பார். 'எனக்குப் பணமுடை' என்ற ஒற்றை வரி போதாது. வங்கிக் கணக்கு அறிக்கை, சப்ளையர்களின் கெடு கடிதம், கடனாளி சொத்தை மாற்றிய டீட்ஸ் ஆஃபீஸ் (சொத்துப் பதிவு அலுவலகம்) பதிவு எல்லாம் பிரமாணப் பத்திரத்தோடு போகவேண்டும். மூன்றாவதற்கு நீங்களே வங்கி உத்தரவாதம் கொடுக்க முன்வாருங்கள்: தீர்ப்பு கவிழ்ந்தால் தொகை திரும்பும். இதைச் செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

வென்றாலும் வேலை முடியாது. அந்த நிறைவேற்ற உத்தரவை எதிர்த்து எதிராளிக்கு அனுமதி தேவைப்படாத மேல்முறையீடு உண்டு. அது முடியும்வரை உங்கள் உத்தரவும் தானாகவே நிற்கும். அதை மிக அவசரமாக விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் நாள் கணக்குக் கொடுக்கவில்லை.

டர்பன் மீனா:
மேல்முறையீடு எவ்வளவு பலவீனமானது என்பதும் கணக்கில் வரும். ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் ஆஃப்ரிஃபோரம் அமைப்புக்கும் இடையிலான வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. வெறுமனே காலம் கடத்துகிறவருக்குச் சட்டம் முழுக்குடை பிடிக்கவில்லை.

சாட்ஸ்வொர்த் வணிகர்:
பலவீனம் என்று நிரூபிக்கவும் வென்றவர்தானே வழக்கறிஞருக்குச் செலவழிக்கவேண்டும்? வழக்கமாகவே பிணை கேட்டு, வைக்க முடியாத ஏழைக்கு நீதிபதி விலக்குத் தரட்டும். 1944ஆம் ஆண்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டத்தின் 78ஆம் பிரிவு கிட்டத்தட்ட அப்படித்தான்: நிறைவேற்று என்றும் நிறுத்து என்றும் பிணை நிபந்தனையோடு உத்தரவிடலாம். உயர் நீதிமன்றத்தில் மட்டும் ஏன் இந்த இறுக்கம்?

டர்பன் மீனா:
அந்த நெகிழ்வை உயர் நீதிமன்றத்துக்கும் கொண்டுவரலாம், அதில் உங்களோடு உடன்படுகிறேன். பிணையைக் கட்டாயமாக்குவதை ஏற்கமாட்டேன். வீடொன்றே சொத்தாக உள்ளவருக்கு எந்த வங்கியும் உத்தரவாதம் தராது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பதிவேடு:
சட்டம் மாறும்வரை தேதிகளைக் கவனியுங்கள். அனுமதி மனுவுக்கு 15 நீதிமன்ற நாள்கள். உயர் நீதிமன்றம் மறுத்தால், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு மாதம். 18(5)ஆம் உட்பிரிவின் சொற்படி, மனு பதிவாளரிடம் சேர்ந்த பிறகுதான் நிறுத்தம். அதனால் மறுப்புக்கும் அடுத்த மனுவுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. வென்றவர் ரிட்டை (தீர்ப்பை நிறைவேற்றும் ஆணை) தயாராக வைத்திருந்தால் ஷெரிஃப் அந்த இடைவெளியில் சொத்தை ஜப்தி செய்யலாம். அடுத்த மனு வந்ததும் ஏலம் நிற்கும்.

டர்பன் மீனா:
கடனாளி பக்கம் நிற்பவர்கள் மறுப்பு வந்த அன்றே, நிறைவேற்றமாட்டோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியை எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கேளுங்கள். தரமறுத்தால் அந்த ஒரு மாதக் கெடு முடியும்வரை காத்திராமல் மனுவைப் போடுங்கள்.